பெட்டியின் கண்ணில் வைத்த பொட்டு

போடிநாயக்கனூர்,
நவம்பர் 9.

அன்புத் தம்பி ஈஸ்வரனுக்கு,

அக்கா அனுசியா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன்.

உன் மருமகள் தமிழினியின் காதுகுத்தை இரண்டாவது தடவையும் தள்ளிவைத்தாயிற்று. பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், தாய்மாமனுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ராசிங்காபுரத்துச் சித்தி, ஒரு பெட்டிக்காகவா என்று கேட்டாள். மானம் போயிற்று.

அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். மூளை மாதிரி தானே கற்றுக்கொள்ளும், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் சில்லில் கரண்டுக்குப் பதிலாக வெளிச்சமே கணக்குப் போடும் என்று உன் ஆராய்ச்சிக்காக ஜெர்மனியிலிருந்து அனுப்பி, நம் ஏலக்காய் ஸ்டோரில் மாட்டச் சொன்னாயே, அது. ஆவணியில் பச்சைக்காயையும் வெளுத்த காயையும் ஒழுங்காகத்தான் பிரித்தது. ஐப்பசியில் புத்தி கெட்டுப்போய், நல்ல பச்சைக்காயை எல்லாம் கழிவுத் தட்டில் தள்ளியது. பிழை தெரியும்வரை ஊருக்குப் போகக் கூடாது என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார். உன்னையும் அவரையும் பெட்டியையும் நான் திட்டாத நாளில்லை.

நேற்று காய் பொறுக்க வந்த ஒச்சம்மாள் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, கண்ணுல பொட்டு வச்சுவிட்டா அது என்னத்தப் பாக்கும்?" என்றாள்.

ஆயுதபூஜையன்று தராசு, ஜீப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பெட்டிக்கும் மூடியைத் திறந்து, வெளிச்சம் போகிற கண்ணாடியில் வைத்தேன். அதுதானே அதற்கு முகம் என்று நினைத்தேன். கண்ணாடி சுத்தமா என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் சுத்தம் என்றுதான் சொன்னேன். குங்குமத்தை யாரடா அழுக்கு என்று நினைப்பார்கள்?

துடைத்துவிட்டேன். இன்று காலையிலிருந்து சரியாகப் பிரிக்கிறது. தப்பு உன் சில்லிலும் இல்லை, உன் படிப்பிலும் இல்லை, இந்த மடச்சியிடம்தான். உன் லீவைக் கெடுத்தது நான்தான். போனில் சொன்னால், தம்பிக்காகப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். அதனால்தான் கையெழுத்துப் போட்டு எழுதுகிறேன். இதை உன் பேராசிரியரிடம் படித்துக் காட்டு.

தை பிறந்ததும் மறுபடி முகூர்த்தம் குறித்திருக்கிறேன். பிள்ளையை மடியில் வைக்க வேறு யாரையாவது கூப்பிடலாமே என்கிறார் உன் மச்சான். அப்பா காரியத்துக்குத்தான் உன்னால் வர முடியவில்லை. இதற்காவது வந்துவிடு, அப்பு.

உன் வரவுக்காக இருக்கும் அக்கா,
அனுசியா