கண்மாய் வேலைப் படம்

அன்புள்ள அம்மாவுக்கு எலினாவின் ஸ்தோத்திரம். முட்டுவலி தேவலையா? நான் நலம். இந்தக் குஜராத் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று மோசடி விசாரணை வகுப்பில் ஒரு வேடிக்கை. நூறு நாள் திட்டக் கண்மாய் வேலைக்கு ஆள் வந்ததாகக் காட்ட, பழைய படத்தையே புதுத் தேதி போட்டு அரசாங்கக் கணக்கில் ஏற்றுவார்களாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்தது நம் ஊர்ப் படம். போன மாதத் தேதி. உங்கள் பக்கத்தில் மண்வெட்டியோடு அப்பா! இறந்து இரண்டு வருடமானவரை வைத்தா ஏமாற்றுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே 'பழைய படம்' என்று எழுதப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். நீங்கள் கட்டியிருப்பது இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பச்சைச் சேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் மிளகாய்ப்பொடி கூரியரில் போடுங்கள். போன வாரம் போனில், தனியாக இருக்கிறீர்களே என்று நான் கவலைப்பட்டபோது, "நான் எங்கட்டி தனியா இருக்கேன்?" என்று சிரித்தீர்களே.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எலினா