சுவரில் ஒரு தண்ணீர்க் கோடு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க என் நினைப்பு. போன வாரம் நீ போன் பண்ணியபோது நான் சரியாகவே பேசவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். போனில் சொன்னால் நீ நடுநடுவே சரிம்மா, சரிம்மா என்பாய், அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் நல்ல வாசனை, அவ்வளவுதான். அப்பாவுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது அவருக்கு வேண்டியபோது மட்டும் கேட்கிறது. மாடிக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்கிறேன் என்று வந்த பிளம்பர் கீழே இருந்த குழாயையும் ஒழுக விட்டுவிட்டுப் போனான். எதைச் சொன்னாலும் அலுப்பாக இருக்கிறது கண்ணு, ஆனால் இதை மட்டும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நம் ஊர் அருங்காட்சியகம் இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை கூட்டிப்போனேன், உடைந்த பானையையும் துருப்பிடித்த பூட்டையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாயே, அதுதான். அது முன்னால் ஆரம்பப் பள்ளிக்கூடமாக இருந்தது என்பதும், நான் படித்த பள்ளிக்கூடம் என்பதும் உனக்குத் தெரியும். இப்போது அங்கே காப்பாட்சியராக ஒரு பெண் வந்திருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், சுறுசுறுப்புக்காரி, அதை மறுக்க மாட்டேன். வந்த கையோடு தூசியெல்லாம் தட்டி, ஊரின் கதை என்று ஒரு கண்காட்சி வைத்தாள். முன் அறையில் நான் ஏழு வயதில் பார்த்த அந்தப் பெருவெள்ளம், பக்கத்து அறையில் டிராயிங் மாஸ்டர் வரைந்த படங்கள். வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஆள் தேடியிருக்கிறாள். யாரைப் பிடித்தாள் தெரியுமா, உன் மாமாவை. என் கூடப் பிறந்த அண்ணனைக் கேட்டவளுக்கு, அதே அறையில் அதே தண்ணீரில் நின்ற என்னைக் கேட்கத் தோன்றவில்லை. மாமாவின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். கதவு நிலையில் பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோது தண்ணீர்க் கறை தெரிந்ததாம், மாமாவும் தன் இடுப்பளவு தண்ணீர் என்று சொன்னாராம், இரண்டும் ஒத்துப்போகவும் அந்த உயரத்தில் அறையைச் சுற்றி நீலக் கோடு இழுத்துவிட்டாள். கீழே, தண்ணீர் இதுவரை வந்தது என்று எழுத்து வேறு.

நான் போய் நின்று பார்த்தேன். கோடு என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எனக்குக் கழுத்து வரை இருந்த தண்ணீர் அது. மோவாயைத் தூக்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன், சிலேட்டுகள் மிதந்து வந்து கன்னத்தில் இடித்தன. அதைச் சொன்னால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அப்போ நீங்க சின்னப் பொண்ணும்மா, அதான் அப்படி இருந்திருக்கும்" என்றாள். எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. சின்னப் பெண்ணுக்கு இருந்த தண்ணீர் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். கோட்டை மேலே ஏற்று என்றேன். கறை இருக்கிற இடத்தில்தானே போட முடியும் என்றாள். எனக்குக் கறையைப் பற்றிக் கவலையில்லை கண்ணு. அங்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்தேன். ஒவ்வொருவரும் கோட்டோரம் போய் நிற்கிறார்கள், இடுப்பில் கையை வைத்துப் பார்க்கிறார்கள், நம் தெரு அரிசிக்கடைக்காரர், "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை வருஷமா பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அடுத்த அறையிலாவது ஏதாவது இருக்கிறதா என்று நானும் போனேன். டிராயிங் மாஸ்டர் வெள்ளத்தை அகலமாக வரைந்திருக்கிறார், வானம் நன்றாக இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் தலையில் மூட்டையோடு நிறையப் பேர் நடந்து போகிறார்கள், எல்லாம் பெரிய ஆட்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளே வந்த வெள்ளத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. பிள்ளைகளெல்லாம் எங்கே, பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்களா என்று கேட்டேன். பிள்ளைகளை வரைந்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்றார். கஷ்டப்படத்தானே வருகிறார்கள் என்றேன், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு மாமா சொல்லித்தான் தெரியும், அதுவும் வேடிக்கையாக. மாமா அப்போது பள்ளி இறுதி வகுப்பு, நல்ல உயரம். தண்ணீர் புகுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நீந்தாத குறையாக வந்து, என்னைத் தூக்கி டீச்சருடைய அலமாரி மேல் உட்கார வைத்துவிட்டுப் போனார். போனவர் சாயங்காலம்தான் வந்தார். இதைத்தான் உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் நடுவில், "நான் திரும்பி வந்து பார்த்தா பூனைக்குட்டி மாதிரி அலமாரி மேல உட்கார்ந்து மியாவ் மியாவ்னு அழுதுக்கிட்டு இருந்தா" என்று நடித்தே காட்டினார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், மணப்பெண் என்று உன்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு நான் அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அம்மாவுக்கு வீம்பு என்று நீ நினைப்பது தெரியும். வீம்புதான். வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மாமா படிப்பைத் தொடர்ந்தார், என் படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துவிட்டார்கள், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்துப் பிரித்துத்தான் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த அறையில் இன்னொரு பலகையில், பள்ளி மீண்டும் திறக்கப்பட்டு மாணவர்கள் திரும்பினர் என்று எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படித்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

காவலாளி நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சுவரோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிவிட்டுத் திறந்து பக்கத்தில் திரும்பினால், நீலக் கோடு என் கழுத்துக்கு நேராக இருந்தது. அப்படியே இருந்தது கண்ணு. எதிரே நின்றவர்களின் பெல்ட்டும் பையும்தான் தெரிந்தன, முகத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது, வாசல் எங்கோ தூரத்தில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுகிறேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. கோட்டை ஏற்றச் சொன்னது தப்பு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. மறுநாள் நம் சமையலறை ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்குக் கீழே போட்டேன். அப்பா, ஊரில் எல்லோரும் அருங்காட்சியகத்திலிருந்து பொருளைத் திருடுவார்கள், நீ ஒருத்திதான் கொண்டுபோய் வைக்கிறாய் என்று சொன்னார். அந்தப் பெண் வந்து, யாராவது தடுக்கி விழுவார்கள், இங்கே இதற்கெல்லாம் விதி இருக்கிறது என்றாள். எதற்கு இது என்று கேட்டாள். உட்கார்ந்து பார் என்றேன். அவளுக்கு வேலை இருந்தது. சாயங்காலம் காவலாளி ஸ்டூலைத் திருப்பிக் கையில் கொடுத்தார். மறுநாள் திரும்பவும் கொண்டுபோனேன். இப்படியே தினமும் நடந்தது. ஸ்டூலோடு போகிறேன், ஸ்டூலோடு வருகிறேன், தெருவில் எனக்கு ஸ்டூல்காரம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். கை வலித்தது, முழங்கால் வலித்தது, யாரும் உட்காரவும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். திறப்பு விழாவுக்கு உடம்பு முடியாமல் வரவில்லையாம். மகன் வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். கையில் தடி, சட்டை தோளில் மாட்டிவிட்டது போலத் தொங்குகிறது, உயரம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போட்டோவில் இருப்பவர்தான் என்று அடையாளம் கண்டு காவலாளி எழுந்து நின்று கும்பிட்டார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன், என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி இருந்தார், நானும் அப்படித்தான் இருந்தேன். தன் போட்டோவைப் பார்த்தார். கதவு நிலையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அறையில் உட்கார இருந்தது ஒன்றே ஒன்று. தடியை ஊன்றி மெதுவாக என் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சைத் தேற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே இருந்தார். கையைத் தூக்கிக் கோட்டைத் தொட்டார், அந்தக் கையை அப்படியே தன் தொண்டைக்குக் கொண்டுபோனார். பிறகு வாசலைப் பார்த்தார், எதிரே நடந்தவர்களை அண்ணாந்து பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே, "உனக்கு இவ்வளவு இருந்துச்சா" என்று கேட்டார். இருந்துச்சு என்றேன். "ஒரு தடவைகூட நீ சொல்லலையே" என்றார். "நீதான் சிரிச்சுக்கிட்டே இருந்தியே அண்ணா" என்றேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே, மற்றப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், அலமாரி மேல் இருக்கிறவள் பத்திரமாக இருப்பாள் என்றுதான் உன்னைக் கடைசிக்கு விட்டேன், அவர்களை ஒவ்வொருவராகச் சுமந்துபோனேன் என்றார். அது எனக்குத் தெரியும் கண்ணு, எப்போதோ தெரியும். அன்றைக்கு அலமாரி மேல் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியாது, அவளிடம் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, கை கொடுத்தேன். உடம்பில் எடையே இல்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ உன் சித்திக்குப் போன் பண்ணிப் பரப்பாதே. எழுந்திருக்க முடியாதவருக்குக் கை கொடுப்பது வேறு, அது வேறு. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார் வரும்வரை வாசலில் இரண்டு பேரும் சும்மா நின்றோம், அவ்வளவுதான்.

அந்தப் பெண் அறை வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். மாமா போனதும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. இங்கேயே ஒரு ஸ்டூல் நிரந்தரமாக இருக்கட்டும், தரையோடு பொருத்தி யாரும் தடுக்கி விழாத மாதிரி தச்சரிடம் செய்யச் சொல்கிறேன், உங்கள் ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் அம்மா என்றாள். மாணவர்கள் திரும்பினர் என்ற பலகையைக் காட்டி, இதற்கு என்ன செய்யப்போகிறாய் என்றேன். எல்லோரும் திரும்பவில்லை என்று எழுதினால் மற்றவர்கள் செத்துப்போனதாக நினைப்பார்களே என்று யோசித்தாள். நாங்கள் சாகவில்லை, அடுப்பங்கரையில் இருந்தோம், அதை எப்படி எழுத வேண்டும் என்று படித்தவள் நீதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். இன்னும் பலகை மாறவில்லை, நானும் கேட்பதை நிறுத்தவில்லை. டிராயிங் மாஸ்டர் வழியில் பார்த்து, அன்றைக்கு என்ன நிறத்தில் பாவாடை போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். மஞ்சள், ஈரமானால் மண் நிறம் என்றேன். வரைந்தால் பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையிடமும் சொல். குட்டி அழுதால் எதற்கு என்று முதலில் கேள், உடனே சிரித்துவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, உன் மாமா வழி. மாமாவுக்கு ஒருமுறை போன் பண்ணு, நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். எல்லோரும் நன்றாக இருங்கள், குழந்தை நன்றாக வளரட்டும், என் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. தச்சர் ஸ்டூல் எவ்வளவு உயரம் என்று கேட்கிறார். உட்கார்கிற பெரியவருக்கு ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தெரிய வேண்டும். குட்டிக்கு இப்போது அதே வயது. அவளைச் சுவரோரம் நேராக நிறுத்தி, தரையிலிருந்து கண் எவ்வளவு உயரம், கழுத்து எவ்வளவு உயரம் என்று அளந்து உடனே எழுது. செருப்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். எதற்கு என்று அவள் கேட்டால், பாட்டி அவ்வளவு உயரம்தான் இருந்தாள் என்று சொல்.

பதிலை எதிர்பார்த்து,
உன் அம்மா