காற்று போகும் பக்கம்

அன்புள்ள அப்பா,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் காரின் பானட்டைத் திறந்தேன், காபிகூட அப்புறம்தான். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். போனில் நீங்கள் "எப்பம்மா திரும்பி வர்ற?" என்று கேட்டபோது மழுப்பிவிட்டேன், கோபமா?

என் பழைய காருக்கு மெக்கானிக் புதிதாக மின்சார ஃபேன் மாட்டியதிலிருந்து, சிக்னலில் நின்றாலே இன்ஜின் கொதிக்கிறது. மூன்று முறை அவரிடம் அலைந்தேன்.

"ஃபேன் சுத்துதுல்ல மேடம், அப்புறமென்ன?"

"சுத்துது. காத்தை உள்ள இழுக்காம வெளிய தள்ளுதே!"

"நாப்பது வருஷமா இதே வேலைம்மா எனக்கு."

"நாப்பது வருஷமா இப்படித்தான் மாட்டுறீங்களா?"

ரேடியேட்டர் முன்னால் காகிதத்தைப் பிடித்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்; எனக்கோ பறந்து வந்து முகத்தில் அடித்தது. பொறுமை போய், இன்று நானே இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். காகிதம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. "பாருங்க!" என்று திரும்பினேன். காட்ட யாருமில்லை.

அடுத்த பார்சலில் உங்கள் பழைய பனியன் இரண்டு வையுங்கள், கிரீஸ் துடைக்க. வேலைக்கு நேரமாகிவிட்டது.

வருடக் கடைசியில் முடியும் என் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க நாளை ஆபீஸில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போடப் போவதில்லை, அப்பா. உங்கள் மாப்பிள்ளையிடம்கூட இன்னும் சொல்லவில்லை.