குடைப் படம் போட்ட சாக்கு

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கப்பல் கிரேன்களைச் சுமந்துகொண்டு வந்ததே, அந்த வருஷம்தான் நம் கம்பெனி பாய்லர் கொட்டகையில் அது நடந்தது. கரமனையில் உங்கள் வீட்டு வாசல்வரை மழைத்தண்ணீர் ஏறி வந்ததும் அப்போதுதான். எனக்குத் தேதி தெரியாது அண்ணாச்சி, இதெல்லாம் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நேற்று அவள் பூனைக்கென்று ஒரு பை வாங்கி வந்தாள். பிரித்ததும் அறுத்த மரத்தின் மணம். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரல் பருமனில் அதே மரக்குச்சிகள். இப்போது மண்ணுக்குப் பதில் இதைத்தான் பூனை வெளிக்குப் போகும் தட்டில் பரப்புகிறார்களாம். பூனை மூத்திரம் விட்டதும் குச்சிகள் உப்பி, வெடித்து, பொடிந்தன.

நம் பாய்லருக்கு வந்ததும் இதே சாமான்தானே? சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கரிப்புகையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, நாலு கூடை நிலக்கரிக்கு ஒரு கூடை மரக்குச்சி கலந்து எரிக்கச் சொன்னார் மேனேஜர். கடல் தாண்டி வந்த குச்சி. முதல் லாரி வந்த அன்று நம்மோடு அடுப்படியில் நின்ற ஸ்டீபனிடம் நீங்கள் கேட்டீர்கள்: “கரியக் குறைக்க மரத்தக் கப்பல்ல ஏத்திக் கொண்டாறான். கப்பலு என்ன, பச்சத்தண்ணியிலயாடே ஓடுது?”

சாக்கில் குடைப் படம் போட்டிருந்தது. நனைக்காதே என்று அதற்கு அர்த்தமாம். நான் ஏதோ குடைக் கம்பெனியின் முத்திரை என்று நினைத்தேன். நம் ஊரில் எந்தச் சுவரில்தான் குடை விளம்பரம் இல்லை?

அந்தச் சாயங்காலம் கொட்டகையில் சாக்கைப் பிரித்துக் குவித்திருந்த குச்சியில் கை வைத்தேன். உள்ளே சூடு. தூசி வேறு பறந்தது. நிலக்கரிக் குவியல் சூடானால் இத்தனை வருஷம் என்ன செய்தோமோ அதையே செய்தேன். ஹோஸை எடுத்து நன்றாக நனைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் குவியல் உப்பி, சுவர்போல் இறுகிக் கிடந்தது. அடுப்புக்குக் குச்சி இறங்கும் வாய் அடைத்துவிட்டது. ஸ்டீம் இறங்கிக்கொண்டே வந்தது. நீங்கள் கடப்பாரையோடு உள்ளே போனீர்கள். “நல்ல மணமாட்டு இருக்குடே, தச்சன் வீட்டுக்குள்ள வந்த மாதிரி” என்று உள்ளிருந்து சொன்னீர்கள். கடப்பாரைச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

“அண்ணாச்சி!” என்று ஸ்டீபன் கூப்பிட்டான். இன்னொரு தடவை கத்தினான். அந்த மணத்துக்குள், நனைந்த குச்சி மூடிய கொட்டகையில் விட்ட, மணமே இல்லாத விஷக்காற்று நின்றிருக்கிறது; நமக்கு யார் சொன்னார்கள்? ஸ்டீபன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். நான் மூச்சை அடக்கி உள்ளே பாய்ந்து, உங்கள் இரண்டு காலையும் பற்றி இழுத்தேன். பாதி வழியில் ஒரு கால் வழுக்கிக் கையை விட்டுப் போயிற்று. மறுபடியும் பிடித்தேன். மழையில் கிடத்திய பிறகும் நீங்கள் கண் திறக்கவில்லை. பிறகு ஒரு இருமல். அதுபோல ஒரு நல்ல சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். “ஆரா இதில் வெள்ளம் ஒழிச்சது?” தண்ணீர் ஊற்றியது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

முந்தின சாயங்காலம் கொட்டகையைச் சாத்தியது நான் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். ஸ்டீபன் என்னைப் பார்த்தான். கீழே கிடந்தபடியே நீங்கள் கையைத் தூக்கினீர்கள். “நாந்தான் சாறே.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷ வேலை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “இழுத்து வெளிய போட்டவனையா காட்டிக்குடுக்கச் சொல்லுத? போடே, போய் ஒரு சாயா வாங்கிட்டு வா.”

உங்களுக்கு அது அத்தோடு முடிந்தது. வீட்டில் முடியவில்லை. “முப்பது வருசம் தீக்கிட்ட நின்ன மனுசன். தண்ணிய எங்க ஊத்தணும்னு தெரியலியே” என்று உங்கள் மனைவி, எனக்கு மைனி, என் முன்னாலேயே சொல்வார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். நான் சாயாத் தம்ளரைப் பார்ப்பேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்திலும் அதையே சொல்லி அழுதார்கள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் மகள் பேனாவை நிறுத்தினாள். “அப்பா, இதையும் எழுதணுமா?”

“இதத்தான் எழுதணும் மக்களே.”

ஒரு தம்ளரில் பத்து குச்சி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கரமனைக்குப் போய், உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். ஊற்றியது இந்தக் கை என்று சொல்வேன். வெளியே போகச் சொன்னால் போவேன்.

மேனேஜர் போய்விட்டார். ஸ்டீபனும் போன மாசம் போய்விட்டான். இதைக் கேட்க வேண்டியவர்களில் உயிரோடு இருப்பது இனி ஒருத்தர்தான் அண்ணாச்சி. செல்லம்மை மைனி.