எங்கள் சிவப்புக் கோட்டும் கல்யாண மாப்பிள்ளையும்

அனுப்புநர்:
தலைவர், கிராமத்து பேண்டு வாத்தியக் குழு,
தற்சமயம்: விடுதியின் சலவை அறைக்குப் பக்கத்து அறை.

பெறுநர்:
குறைதீர்க்கும் அதிகாரி அவர்கள்,
நம் நாட்டுத் தூதரகம்.

பொருள்: எங்கள் பெட்டி வேறு குழுவிடம் போய்விட்டது – பாஸ்போர்ட் இன்றித் தவிக்கிறோம் – கிளாரினெட்காரருக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் டிரம் வாசிப்பவன். என் மனைவியின் தம்பி கிளாரினெட். என் பெரியப்பா ஜால்ரா. இந்நாட்டு இசை விழா ஒன்றில் வாசிக்க அழைப்பு வந்து மூவரும் விமானம் ஏறினோம். நாங்கள் திருடர்கள் அல்லர் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் வாசல் காவலர் எங்களை அப்படித்தான் பார்க்கிறார்.

2. விமான நிலையத்தில் ஓர் ஓட்டுநர் டிரம் படம் போட்ட அட்டையோடு நின்றார். என் தோளில் டிரம் தொங்கியது. வேறு என்ன யோசிப்பது? ஏறிவிட்டோம். அவர் இறக்கிவிட்ட இடம், அன்று திறப்பு விழா காணும் ஒரு விடுதி. அங்கே எதிர்பார்த்தது வேறொரு வெளிநாட்டுக் குழுவை. அந்தக் குழுவை இசை விழாக்காரர்களின் வண்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. கூடவே எங்கள் கறுப்புப் பெட்டியும் போய்விட்டது. பெட்டிக்குக் காவல் இருந்த பெரியப்பா, தானாக ஓடும் படிக்கட்டை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் சிவப்புக் கோட்டுச் சீருடை, சோதனை முடிந்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த பாஸ்போர்ட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

3. இசை விழா அமைப்பாளர் நம் மொழிக்காரர். அவரிடம் முறையிட்டோம். "அந்தக் கிராமத்துக் குழு பிரமாதமா வாசிச்சுட்டு அடுத்த ஊருக்கும் கிளம்பிட்டாங்களே, நீங்க யாரு?" என்று கேட்டு, பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டினார். பனைமரம் போல மூன்று பேர், எங்கள் சிவப்புக் கோட்டுக்குள் புகுந்து நிற்கிறார்கள். கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. கீழே எங்கள் குழுவின் பெயர். படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில் இருப்பவர்கள் நாங்கள் அல்லர்.

4. தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். "பாஸ்போர்ட் தொலைஞ்சுதுன்னு மனு குடுக்கணும்னா, பாஸ்போர்ட்டக் காட்டணும்" என்றார் முகப்பில் இருந்த அம்மையார். "அதத்தாம்மா தொலைச்சுட்டோம்" என்றேன். "அப்ப நீங்க யாருன்னு எப்படி நம்புறது?" என்றார். மைத்துனர் சட்டென்று கிளாரினெட்டை எடுத்து ஊதிக் காட்டினார். காவலர் எங்களை மிக மரியாதையாகத் தெருவில் கொண்டுவந்து விட்டார்.

5. விடுதி மேலாளர் தங்கமான மனிதர். படுக்க இடம் கொடுத்து, காலை உணவு வேளையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் சத்தம் வரக்கூடாதாம். டிரம்மில் சத்தம் வராமல் எப்படி ஐயா வாசிப்பது? மேலே குளியல் துண்டை விரித்துத் தட்டுகிறேன். மைத்துனரோ எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் ஒப்பாரியில் கொண்டுபோய் முடிக்கிறார். நேற்று ஒரு வயதான பெண்மணி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

6. மைத்துனரைக் குற்றம் சொல்ல முடியாது. வருகிற வாரம் அவருக்குக் கல்யாணம். மேற்படி படம் கைபேசி வழியாக ஊருக்கும் போய்விட்டது. "குழு போட்டோவுல மாப்பிள்ளையக் காணோமே, கம்பி நீட்டிட்டாரா?" என்று பெண்ணின் அப்பா போனில் கத்தினார். அந்தப் பெண்ணே அவரிடமிருந்து போனை வாங்கினாள். "நீங்க ஓடுற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். எப்படியாவது வந்து சேருங்க, போதும். வாத்தியத்துக்குப் பக்கத்து ஊர் பேண்டு செட்டச் சொல்லியாச்சு" என்றாள். மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, தாங்கள் அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை பேசி எங்கள் பெட்டியை மீட்டுத் தரவோ, இல்லாவிட்டால் ஊர் திரும்பத் தற்காலிக அனுமதி வழங்கவோ வேண்டுகிறேன். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் மைத்துனரை அனுப்புங்கள். நம்பிக் காத்திருக்கும் பெண்ணைக் காக்க வைக்கக் கூடாது. நானும் பெரியப்பாவும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம்.

ஆனாலும், முடிந்தால் மூவரையும் அனுப்பிவையுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சுருதியே சேராது, ஐயா.

இடம்: மேற்படி விடுதி
நாள்: திங்கட்கிழமை, காலை வாசிப்பு முடிந்தபின்

மரியாதை குறையாமல், பொறுமை தீர்ந்த நிலையில்,
(ஒப்பம்)
டிரம்காரர், குழுத் தலைவர்