காந்தம் ஒட்டாத தகடு

இயேசு மரி சூசை துணை

நோர்வூட்,
ஜூன் 1, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

ஐவி எழுதுவது. நானும் மகள் கேத்ரினும் சுகம். வத்தளையில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் எடுத்தால் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. உங்கள் கட்டில் பக்கம் காம்பராக் கூரை ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். மகள் சோதனை எழுதி முடித்துவிட்டாள்.

வருகிற 17ஆம் தேதி உங்கள் தம்பி ஜூட்சன் இறந்து ஒரு வருசம். ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட அதன் வாசலைத் திறந்தான். நெருப்பை மறிக்க நீங்கள் உள்ளே தொங்கவிட்ட தகடு அறுந்து விழுந்து, நெருப்பு அவன் மேல் பாய்ந்தது. பதினோராம் நாள் போய்விட்டான். அடுத்த வாரமே நீங்களும் வத்தளைக்குப் போய்விட்டீர்கள், தம்பியைக் கொன்ற கை என்று சொல்லிக்கொண்டு.

போன மாதம் என் கணக்குக் கொப்பியைப் புரட்டினேன். வீட்டிலிருந்து வெளியே போகும் சாமானையும் எழுதி, திரும்பி வந்ததும் கோடு போடுவேனே. ஒரு பக்கத்தில் இருக்கிறது: "காந்தம். இவருக்கு. ஃபெக்டரித் தகடு பார்க்க." கோடு போடவில்லை.

பழைய ரேடியோவில் கழற்றிய அதே காந்தம்தான். ஹட்டனில் சட்டி வாங்கும்போது ஒட்டிப் பார்ப்பேன், ஒட்டாவிட்டால் நல்ல சில்வர் என்று. சட்டி வாங்குறவகிட்ட தகடு பாக்கக் கத்துக்கிட்டேன்டா என்று ஜூட்சனிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அண்ணி ஃபெக்டரிக்கு வந்தா டீமேக்கர் ஐயாவுக்கே வேலை போயிரும் என்றான் அவன்.

தகடுகளைப் பற்றிக் கேத்ரின் போனில் தேடித் தர, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். 304 என்ற தகட்டிலும் காந்தம் ஒட்டாது, 310 என்ற தகட்டிலும் ஒட்டாது. 304 என் சட்டி ஜாதி. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆயிரம் டிகிரிக்குக் கிட்டப் போகும் நெருப்புக்குள் தொங்கவிட்டால், தினமும் சூடேறி ஆறி, செதில் செதிலாக உரிந்து மெலிந்துவிடுமாம். அங்கே போட வேண்டியது குரோமியமும் நிக்கலும் கூடுதலாகச் சேர்ந்த 310. காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தத் தகட்டின் மிச்சத் துண்டை இழுத்துப் பார்த்தேன். ஓரத்தில் 304 என்று அச்சு. எண் அங்கேயே இருந்திருக்கிறது அத்தான். நாம் இரண்டு பேரும் காந்தத்தை நம்பிவிட்டோம்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனசு ஆறவில்லை. ஜூட்சன் பெண்சாதி ஷாமிலாவிடமே போய்ச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, பாத்துட்டுத்தான் போட்டாரா அக்கா என்று கேட்டாள். என் காந்தத்தை வைத்து நாலு மூலையும் பார்த்துவிட்டுத்தான் போட்டார் என்றேன். பாக்காம போட்டுட்டாருன்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் என்றாள். பிறகுதான் அழுதாள். நானும்.

ஜூட்சனின் மரச் சிலுவை இந்த மழையில் உளுத்துவிட்டது. அந்த மிச்சத் துண்டு மழைக்குத் தாங்குமா என்று ஷாமிலா கேட்டாள். மழைக்கு எத்தனை வருசமும் தாங்கும் என்றேன். அப்ப அவரையே வந்து அதுல சிலுவை வெட்டச் சொல்லுங்க என்றாள். வேறு ஆள் தொட வேண்டாமாம்.

17ஆம் தேதி பூசை காலை ஏழு மணிக்கு. இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். வெட்டும்போது தகட்டின் மறு ஓரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். ஒரு வருசமாக எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கிறீர்கள். அதில் என் பங்கை எனக்குத் தாருங்கள். அந்தக் காந்தம் உங்களிடம்தான் இருக்கும், அதையும் கொண்டுவாருங்கள். கொப்பியில் கோடு போட வேண்டும்.

மாதா உங்கள் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ஐவி