கார்டைக் காணோம்

2024 ஜனவரி 27, சனி

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம். இன்று கடையை ஒட்டடை அடித்துத் துடைத்தோம். "தோம்" என்று எழுதுவது பழக்கதோஷம். துடைத்தது நான். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தார். ஏணியில் ஆள் இல்லாதபோதும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறை அலமாரி விற்கிற கடையிலேயே இவ்வளவு தூசி என்று யாராவது பார்த்தால் மானம் போகும். கணினியின் வயர்களை எல்லாம் உருவி, பின்பக்கத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். மேசை இழுப்பறையில் குட்டிக் குட்டிக் கறுப்பு ரப்பர் மூடிகள் கிடைத்தன. பின்னால் சும்மா திறந்து கிடந்த ஓட்டைகளுக்கெல்லாம் போட்டுவிட்டேன். இனித் தூசி போகாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கணினிப் பெட்டிமேல் இருந்த பச்சைப் பொரிப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். போன வருஷம் இந்தக் கணினியை விற்றபோது கொழுந்தன் யுங்-சியாங் வைத்தது. பொட்டலத்தின் பெயரே 'சமத்து'. மேலே வைத்தால் மெஷினும் சமத்தாக இருக்குமாம். வங்கி முதல் ஆஸ்பத்திரி வரை வைக்கிறார்கள். வைக்கட்டும். இது காலாவதியாகி ஒரு மாதம். எறும்பு வேறு.

ஜனவரி 29, திங்கள்

திருமதி கோங் கணவருடன் வந்தார். புது வீடு, முழுச் சமையலறை, எல்லாமே உயர்ந்த ரகம். அவர்கள் சமையலறையை வரைந்து வைத்திருந்தேன். திரையில் சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன். படம் அடுப்பு வரை வந்தது. ஃப்ரிட்ஜ் கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. தேநீர் ஊற்றினேன். குடித்து முடித்தார்கள். கதவு அப்படியே.

"உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டுப்போயிடுமே" என்றார் திருமதி கோங். சிரித்தேன். வேறென்ன செய்வது.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இந்த ஊரில் அதற்குச் சொல்ல மாட்டோம் என்று அர்த்தம்.

ஜனவரி 30

இன்று அடுப்பு வரைகூட வரவில்லை.

ஜனவரி 31, புதன்

இரண்டு நாளாக வலையில் தேடித் தேடிப் படிக்கிறேன். புரிந்ததை எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

கணினிக்குள் கணக்குப் போட ஒரு தலை இருக்கிறது. படம் வரையவும் அதற்குக் கொஞ்சம் வரும், என் வீட்டுக்காரருக்குச் சமையல் வருகிற அளவுக்கு. நூடுல்ஸ் வேகும், விருந்து வேகாது. எங்களைப் போல வீட்டையே சுற்றிக் காட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சமையல்காரர் வேண்டும். அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. விசிறி வைத்த செங்கல் மாதிரி, பெட்டியின் கீழ்ப்பகுதியில் குறுக்கே படுத்திருக்கும். தனி நினைவகம், தனி மின்சாரம், தனி விலை.

நம்மிடம் எது இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்று ஆறெழுத்து மந்திரம் போட வேண்டும். ஒரு சன்னல் திறக்கும். மேலே வரிசையாகத் தலைப்புகள். 'டிஸ்ப்ளே' என்பதை அழுத்தினால் பெயர் வரும்.

அழுத்தினேன். வந்தது.

பில்லில் இருக்கிற கார்டின் பெயர் 3060. திரையில் இருப்பது வேறு பெயர், அந்தத் தலைக்குள்ளேயே ஒட்டிப் பிறந்தது. மூன்று தடவை பார்த்தேன். நூடுல்ஸ்காரர்தான்.

கார்டைக் காணோம். பெட்டியைத் திறந்து பார்க்கலாமென்றால், திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஸ்டிக்கர். ஒட்டியவன் யுங்-சியாங். திருடன் பூட்டிய பூட்டு!

பிப்ரவரி 1, வியாழன்

கணினிச் சந்தையில் அவன் கடை திறக்கிற நேரம் பார்த்து, திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஃபோன் போட்டேன். சொந்த அண்ணன் கடைக்கே கார்டு இல்லாத பெட்டியைத் தள்ளிவிட்டாயே என்று கேட்டேன்.

"அண்ணி, ஒரு நிமிஷம். வயரு எந்த ஓட்டையில—"

"வயரெல்லாம் எனக்குத் தெரியும். கார்டு எங்க?"

"நான் வேணா வந்து பாக்கட்டுமா?"

"எடுத்தவனே வந்து தேடுவானாக்கும்."

வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டான்.

கேட்டது சரிதான். பில் என் கையில் இருக்கிறது. சரிதானே?

பிப்ரவரி 3, சனி

வீட்டுக்காரர் வாயில் எதுவும் தங்காது. மாமியாருக்கு விஷயம் போய்விட்டது. அவருக்குக் கார்டைப் பற்றிக் கவலையில்லை, பொட்டலத்தைப் பற்றித்தான்.

"அத யாரு உன்னத் தூக்கிப் போடச் சொன்னா? மெஷினும் கோவிச்சுக்கிச்சு, என் புள்ளையும் கோவிச்சுக்கிட்டான்."

புதுப் பொட்டலம் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். பச்சை தீர்ந்துவிட்டது, ஊரே ஆண்டுக் கடைசியில் புதிது மாற்றுகிறது. மஞ்சளை எடுத்தேன். மெஷினுக்கா என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றதும் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டார். மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டி மெதுவாகத்தானே போகும் என்றார். ஏற்கெனவே அப்படித்தான் போகிறது என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி. புத்தாண்டுக்கு முந்தின நாள்

யுங்-சியாங் விருந்துக்கு வரவில்லை. கடையில் கூட்டமாம். ஊரெல்லாம் வீட்டுக்கு ரயிலேறுகிற நாளில் கணினிச் சந்தையில் என்ன கூட்டம்?

மாமியார் அவனுக்கும் கிண்ணம் வைத்தார். கறியை அதில் எடுத்து எடுத்துப் போட்டார். கிண்ணம் நிறைந்த பிறகும் போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. மீனை அடுத்த வருஷத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று முழுவதுமாகச் சாப்பிட மாட்டோம். இந்த முறை யாரும் தொடவே இல்லை. நாற்பத்திரண்டு வயசில் ஒருநாளும் இந்த விருந்தைத் தவறவிட்டதில்லையாம் அவன்.

நான் சொன்னது சரி. ஆனால் அந்த நிறைந்த கிண்ணத்தை நான்தான் மூடி வைத்தேன்.

பிப்ரவரி 10

புத்தாண்டின் முதல் நாள். துடைப்பத்தைத் தொடக் கூடாது, கடுஞ்சொல் கூடாது. ஐந்தாம் நாள் வரை எனக்கு இரண்டு கையும் இல்லை.

பிப்ரவரி 11

அம்மா வீடு. கொழுந்தன் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல நாளும் அதுவுமாக என்று அம்மா முள்ளங்கி அப்பத்தைத் திணித்தாள்.

பிப்ரவரி 12

பேசவில்லை. தாடை வலிக்கிறது.

பிப்ரவரி 14, புதன். ஐந்தாம் நாள்

இதை எழுதியாக வேண்டும்.

வெடி வைத்துக் கடை திறந்தோம். மாமியார் எங்கோ அலைந்து பச்சைப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். மேலே வைக்கச் சொன்னார். சுவரோடு இடிக்கிறதே என்று பெட்டியைத் திருப்பினேன். திரைக்குப் போகிற வயர் மேலே ஒரு ஓட்டையில் மாட்டியிருந்தது. கீழே, குறுக்குவாட்டில், அதே வடிவத்தில் இன்னும் மூன்று ஓட்டைகள். மூன்றுக்கும் கறுப்பு மூடி. நான் போட்ட மூடி.

குறுக்கே படுத்திருக்கும் என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். கார்டு இல்லையென்றால் அந்த ஓட்டைகள் யாருடையவை?

மூடியைக் கழற்றினேன். வயரை ஒரு சாண் கீழே மாற்றினேன். திரை கறுத்தது, எனக்கு உயிர் போய் வந்தது. ஆறெழுத்தைப் போட்டேன். 3060. அன்றைக்கும் அந்தச் சன்னலில் பக்கத்திலேயே இன்னொரு தலைப்பு இருந்தது. அதை அழுத்தியிருந்தால் இந்தப் பெயர் அங்கே வந்திருக்கும். ஆத்திரத்தில் அழுத்தவில்லை. கோங் வீட்டுச் சமையலறை ராட்டினம் மாதிரி சுற்றியது.

சமையல்காரர் எங்கேயும் போகவில்லை. பெரிய துடைப்பு நாளில் அவர் வாயை அடைத்துவிட்டு, நூடுல்ஸ்காரரிடம் நான்தான் கரண்டியைக் கொடுத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை விட்டுவிட்டு, கூடம் கட்டினவனைத் திருடன் என்றேன்.

மாமியார் திரையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"பாத்தியா? சமத்தாயிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது.

"ஆமா அத்தை" என்றேன்.

பிப்ரவரி 15

கோங் தம்பதிக்கு ஃபோன் செய்தேன். நாளை வருகிறார்கள். யுங்-சியாங்குக்கு ஆறு முறை எண்ணை அழுத்தி ஆறு முறையும் நிறுத்தினேன். கடைசியில், கணினி சரியாகிவிட்டது, அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், ஞாயிறு சாப்பிட வா என்று செய்தி அனுப்பினேன். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. கோழை.

பிப்ரவரி 18, ஞாயிறு

வந்தான். கையில் ஒரு பை. உள்ளே கார்டு, தன் வீட்டு மெஷினிலிருந்து கழற்றியது.

"என் தப்பா இருந்தா மாட்டிட்டுப் போகலாம்னு கொண்டாந்தேன் அண்ணி."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வேண்டாம், நன்றாக ஓடுகிறது என்றேன். அதற்குள் மாமியார் பொட்டலத்தின் மகிமையை ஆரம்பித்துவிட்டார். அவன் கேட்டுக்கொண்டே முன்கட்டில் இருக்கிற கடைக்குப் போய், கணினிக்குப் பின்னால் குந்தினான். ஐந்து நிமிஷம் ஆளையே காணோம். எழுந்து வந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"ஆமாம்மா. பொட்டலம் நல்லா வேலை செய்யுது."

அவனுக்குத் தெரியவில்லை. தப்பித்தேன். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். மாமியார் இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 7

கோங் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு முழுசாகத் திறக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி பெரிய துடைப்பு. வீட்டுக்காரர், ஏணி. நான், பல்துலக்கி.

கணினியைத் திருப்பி, கவனமாக வயரை உருவினேன். மேல் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு ஒட்டுநாடா. அதில் பொடி எழுத்தில்:

"அண்ணி, இது இல்ல. கீழ."

ஓரத்தில் தேதி. போன வருஷம் பிப்ரவரி 18.

அந்த ஐந்து நிமிஷம் இதைத்தான் எழுதியிருக்கிறான். ஃபோனில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும். வயர் என்று ஆரம்பித்தானே, நான்தான் விடவில்லை. இந்த ஒரு வருஷம் ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். மாமியார் பொட்டலப் புராணம் பாடினபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறான். ஒரு தடவைகூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. திருடன் என்று சொன்னவளின் மானத்தை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். நாடாவை எடுக்கவில்லை. சுற்றித் துடைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய். புத்தாண்டுக்கு முந்தின நாள்

எல்லாரும் இருந்தார்கள். மீன் வந்ததும் சொல்லிவிட்டேன். வயர், மூடி, நாடா, எல்லாம். வீட்டுக்காரர் வாயிலிருந்த கறியை மெல்லுவதை நிறுத்தினார். யுங்-சியாங் காது சிவந்து கிண்ணத்துக்குள் பார்த்தான். மாமியார் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"அப்போ பொட்டலம்?"

யுங்-சியாங் நிமிரவில்லை.

"பொட்டலம் மெஷினுக்கு இல்லம்மா. அண்ணிக்கு."

முதலில் மாமியார்தான் சிரித்தார். மீனின் வயிற்றுத் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தேன். இந்த முறை ஓரத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியது.

கடையைப் பூட்டப் போனபோது பார்த்தேன். புதுப் பச்சைப் பொட்டலம் கணினி மேல் இல்லை. என் நாற்காலிக்கு நேர் மேலே, அலமாரியில் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.